சேலத்தில் வீட்டைக் கழுவ: கம்பெனியா, மெஷின் தம்பிகளா, நாள்கூலி அக்காக்களா?

கோட்டை மாரியம்மன் கோவிலில் ஆடிப் பண்டிகைக்குப் பூச்சாட்டு நடந்துவிட்டால் சேலத்தில் வீடு கழுவ ஆள் கிடைக்காது. எல்லார் வீட்டுக்கும் சொந்தக்காரர்கள் வருவார்கள், எல்லாருக்கும் ஒரே வாரத்தில் ஆள் வேண்டும். அதனால் இந்த வருடம் ஆனியிலேயே மூன்று இடங்களில் விலை கேட்டு வைத்தேன். மூன்று வகை ஆட்களிடமும் முன்பே வேலை வாங்கியிருக்கிறேன் என்பதால், விலையோடு வேலையின் தரத்தையும் சேர்த்துச் சொல்ல முடியும்.

எங்கள் வீடு அழகாபுரத்தில். 1,400 சதுர அடி, மூன்று குளியலறை. ஹாலிலும் பூஜை அறையிலும் பழைய மொசைக் தரை, மற்ற இடங்களில் டைல்ஸ். குடிக்க மேட்டூர் தண்ணீர், மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வையுங்கள், பாதி செலவு அதனால்தான் வருகிறது.

மூன்று விலை

முதலில் கம்பெனி. சீருடை போட்ட ஐந்து பேர் வேனில் வருவார்கள், ஆறு மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். சதுர அடிக்கு ஐந்தரை ரூபாய் என்றார்கள். 1,400 சதுர அடிக்கு 7,700, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,386. ஆக மொத்தம் 9,086 ரூபாய். சோபாவுக்கு ஒரு இருக்கைக்கு 200 தனி, பரணில் இருக்கும் சாமான்களை இறக்கி ஏற்றுவதும் தனி.

இரண்டாவது, ஐந்து ரோடு பக்கத்திலிருந்து வரும் மூன்று தம்பிகள். வட்டப் பிரஷ் சுழலும் ஸ்கிரப்பிங் மெஷின் ஒன்று, வேக்குவம் ஒன்று, ஒரு டாட்டா ஏஸ், அவ்வளவுதான் அவர்கள் மூலதனம். சதுர அடிக் கணக்கெல்லாம் கிடையாது. வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சேர்த்து ஐந்தாயிரத்து ஐந்நூறு குடுங்கக்கா" என்றார் அவர்களில் பெரியவர். காலை எட்டுக்கு வந்தால் மாலை வரை ஒரு முழு நாள். குளியலறைக்கு மட்டும் கூப்பிட்டால் ஒன்றுக்கு 500.

மூன்றாவது, அம்மாபேட்டையிலிருந்து வரும் இரண்டு அக்காக்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 700, இரண்டு நாள் வேலை, ஆக 2,800. ஃபேன், ஒட்டடை, பரண், மேல்தொட்டி இதற்கெல்லாம் ஏணியில் ஏற ஒரு ஆளுக்கு ஒரு நாள் கூலி 1,000. சோப்பு, பிரஷ், துடைப்பம் நாமே வாங்க வேண்டும், எனக்கு 450 ஆனது. டீயும் சாப்பாடும் சுமார் 400. கூட்டினால் 4,650.

கம்பெனியின் விலையில் ஏறக்குறைய பாதி. அப்படியானால் பேச்சே வேண்டாமே, அக்காக்களைக் கூப்பிட வேண்டியதுதானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பில்லில் தெரியாத சில கணக்குகள் இருக்கின்றன.

சதுர அடி என்றால் எந்தச் சதுர அடி?

கம்பெனிக்காரர்கள் முதலில் கொடுத்த விலை 9,075, வரி இல்லாமலேயே. கேட்டால் வீடு 1,650 சதுர அடி என்றார்கள். போர்டிகோ, மாடிப்படி, சுவரின் கனம் எல்லாம் அதில் சேர்ந்திருந்தது. போர்டிகோவை வாரம் ஒருமுறை நானே கழுவுகிறேன், அதற்கு எதற்கு ஐந்தரை ரூபாய்? அறைகளின் உள் அளவை மட்டும் டேப் பிடித்துக் காட்டிய பிறகுதான் 1,400-க்கு இறங்கினார்கள். புது அபார்ட்மென்ட்காரர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பத்திரத்தில் எழுதியிருக்கும் பரப்பில் லிஃப்ட், வராந்தா, பொதுப் படிக்கட்டு எல்லாவற்றின் பங்கும் சேர்ந்திருக்கலாம். அந்த அளவைச் சொன்னால் பக்கத்து வீட்டு வாசலுக்கும் சேர்த்துப் பணம் கட்டுவீர்கள்.

ஜிஎஸ்டி பற்றியும் ஒரு வார்த்தை. சேவைத் தொழிலில் வருடத்துக்கு 20 லட்சம் ரூபாய்க்குக் கீழ் வரவு உள்ளவர்கள் பதிவு செய்ய வேண்டியதில்லை. அவர்கள் வரி வசூலிக்கவும் கூடாது. ஐந்து ரோட்டுத் தம்பிகள் வரி கேட்காதது அதனால்தான், அதில் தப்பு இல்லை. 18 சதவீதம் சேர்த்துக் கேட்பவர்களிடம் பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாவிட்டால் அந்தத் தொகையைக் கொடுக்காதீர்கள்.

உப்புக்கறையும் ஆசிட்டும்

இப்போது போர் தண்ணீருக்கு வருகிறேன். எங்கள் பகுதியில் பக்கெட்டின் உட்புறத்தைப் பார்த்தாலே தெரியும், வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் உப்பு, தண்ணீர் காயக் காய டைல்ஸிலும் குழாயிலும் ஷவர் கண்ணாடியிலும் படிந்துகொண்டே வரும். சோப்பு போட்டு எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது, அமிலம்தான் கரைக்கும். அதனால் வீடு கழுவ வருகிறவர்கள் எல்லாரும் கையில் ஒரு ஆசிட் பாட்டிலோடு வருகிறார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கம்பெனியைக் கூப்பிட்டிருந்தோம். இப்போது விலை கேட்டது அவர்களிடம் அல்ல, வேறு கம்பெனி. பெயிண்ட் அடித்து முடித்த சமயம், தரையெல்லாம் பெயிண்ட் புள்ளி. நான் சமையலறையில் நின்றிருந்தபோது, ஹால் ஓரத்தில் இருந்த கறைக்கு ஒரு பையன் ஆசிட்டை ஊற்றித் தேய்த்துவிட்டான். மொசைக் என்பது சிமென்டில் பதித்த பளிங்குச் சில்லுகள். உப்புக்கறையைக் கரைக்கிற அதே ஆசிட் பளிங்கையும் கரைக்கும், இரண்டும் ஒரே வகைப் பொருள்தான். ஊற்றிய இடம் நுரைத்தது, காய்ந்ததும் பளபளப்புப் போய்ச் சொரசொரவென்று ஆகிவிட்டது. மாமனார் காலத்தில் போட்ட தரை அது. சூப்பர்வைசர், "உப்புக்கறைக்கு இதுதான் மேடம் போடணும்" என்றார். டைல்ஸுக்குச் சரி, மொசைக்குக்கு இல்லை என்பது அவருக்கே தெரிந்திருக்கவில்லை. பில்லில் 1,000 ரூபாய் குறைத்தார்கள். 240 சதுர அடி ஹாலை மறுபடி பாலிஷ் போட எனக்கு ஆனது 4,320.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கையுறைகூட இல்லாமல்தான் அவன் வேலை செய்துகொண்டிருந்தான். எந்தத் தரைக்கு எது ஆகாது என்று சொல்லிக்கொடுக்காமல் அனுப்பியவர்கள் மேல்தான் கோபம்.

அன்றிலிருந்து யார் வந்தாலும் முதலில் மொசைக் தரையைக் காட்டி, இங்கே சோப்புத் தண்ணீர் மட்டும், வினிகர்கூட வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். குளியலறை டைல்ஸுக்கு எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் ஆசிட்டைத் தண்ணீரில் கரைத்து, அரை மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்தால் போதும். பழைய கறைக்கு இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும், ஆனால் குழாயின் குரோம் பூச்சு கறுக்காது. கடை ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே இடத்தில் போட மட்டும் விடவே விடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஜன்னல் மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

கம்பெனி, தம்பிகள், அக்காக்கள் மூவரில் இந்த விஷயத்தில் தேறியவர்கள் தம்பிகள்தான். மெஷின் பிரஷ் வேகமாகச் சுழல்வதால் அவர்களுக்குக் காட்டமான ஆசிட் தேவைப்படுவதில்லை. போன பொங்கலுக்கு அவர்கள் கழுவிய குளியலறை சித்திரை வரைக்கும் அப்படியே இருந்தது. அக்காக்கள் கையால் தேய்க்கிறார்கள். அறை, அலமாரி, ஜன்னல் கம்பி, சமையலறை எண்ணெய்ப் பிசுக்கு இதிலெல்லாம் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை, மூலை முடுக்கு விடமாட்டார்கள். ஆனால் பத்து வருட உப்புக்கறையை வெறும் கையால் எடுக்கச் சொல்வது அவர்கள் தோள்பட்டைக்குச் செய்யும் கொடுமை.

யார் கைக்கு எவ்வளவு போகிறது

மணிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கம்பெனி ஐந்து பேர், ஆறு மணி நேரம், மொத்தம் 30 மணி நேர உழைப்பு. வரி நீக்கி 7,700 என்றால் மணிக்கு சுமார் 257 ரூபாய். தம்பிகள் மூன்று பேர், எட்டு மணி நேரம், 24 மணி நேர உழைப்புக்கு 5,500, மணிக்கு 229. அக்காக்கள் இரண்டு பேர், இரண்டு நாள், 32 மணி நேரத்துக்கு 2,800. மணிக்கு 87 ரூபாய் 50 காசு.

கம்பெனியில் வந்தவர்களிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், ஆளுக்கு நாள் சம்பளம் 600 என்றார்கள். ஐந்து பேருக்கு 3,000. நான் கொடுப்பதில் பாதிகூட வேலை செய்தவர்கள் கைக்குப் போகவில்லை. வேன், கழுவும் மருந்து, மெஷின், ஆபீஸ் வாடகை, விளம்பரம் என்று அவர்களுக்கும் செலவு இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தம்பிகளிடம் கொடுக்கும் பணம் டீசல், மருந்து போக அந்த மூன்று பேருக்குள்ளேயே பிரிகிறது. அக்காக்களிடம் கொடுப்பது அப்படியே அவர்கள் முந்தானை முடிச்சில்.

2018-ல் தமிழக அரசு வீட்டு வேலை செய்பவர்களுக்கு மணிக்கு 37 முதல் 39 ரூபாய் வரை குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது. அதோடு பார்த்தால் 87 இரட்டிப்புக்கு மேல்தான். ஆனால் இது தினசரி பெருக்கித் துடைக்கிற வேலை இல்லை, இரண்டு நாள் இடுப்பொடிய உழைக்கிற வேலை. அதனால் இந்த முறை நானே 800 தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மூத்தவர், "எதுக்கு கண்ணு கூட்டிக் குடுக்கற?" என்று கேட்டார். மணிக்கு 100 ரூபாய், அதிகம் இல்லை. வீட்டுப் பணியாளர்களுக்கு 2007-லேயே நல வாரியம் வந்துவிட்டது, பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகையும் 60 வயதுக்கு மேல் ஓய்வூதியமும் உண்டு. இருவரில் ஒருவர்தான் பதிந்திருக்கிறார். மற்றவருடைய ஆதாரையும் ரேஷன் கார்டையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.

மாதச் சம்பளத்துக்குத் தினமும் வரும் அக்காவிடமே, பண்டிகைக்கு ஒரு நாள் இருந்து வீடு முழுக்கக் கழுவிக் கொடு என்று சொல்லும் வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அதை நான் நான்காவது வழியாகச் சேர்க்கவே இல்லை. அது அவருடைய சம்பளத்தில் அடங்காத வேலை, கேட்டால் அவரால் மறுக்கவும் முடியாது. செய்யச் சொன்னால் அன்றைய நாள்கூலியைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. எந்த ஆள் வந்தாலும் சரி, செப்டிக் டேங்கைச் சேர்த்துப் பேசாதீர்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் அதற்குள் ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், இறக்கச் சொன்ன வீட்டுக்காரருக்கும் அது பொருந்தும். வண்டி வைத்து உறிஞ்சி எடுப்பதுதான் ஒரே வழி. ஆழமான, மூடிக் கிடந்த சம்ப்பிலும் காற்று இருக்காது. திறந்து வைத்து ஆறவிடாமல், மேலே ஒரு ஆள் நிற்காமல் யாரையும் இறக்காதீர்கள்.

மலை மேல் வீடு இருந்தால்

என் நாத்தனார் வீடு ஏற்காட்டில், ஒண்டிக்கடையிலிருந்து கொஞ்ச தூரம். அங்கே கணக்கே வேறு. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர கம்பெனி வண்டிக்கு 2,000 கூடுதலாகக் கேட்கிறார்கள், தம்பிகள் 1,200. அந்தப் பணத்தைவிடப் பெரிய பிரச்சினை பூஞ்சை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மழையும் மூடுபனியுமாக இருக்கும் வீட்டில், சுவர் ஈரமாக இருக்கும்போது எவ்வளவு கழுவினாலும் மூன்று வாரத்தில் கறுப்பு திரும்பி வந்துவிடும். ஒருமுறை ஐப்பசியில் ஆள் விட்டுக் கழுவி, தை பிறப்பதற்குள் மறுபடி கழுவினார்கள்.

நல்ல வெயில் விழும் மாசி, பங்குனிதான் அதற்கு நேரம். அதற்கு முன் உள்ளூர்ப் பெண்கள் காப்பிப் பழம் பறிக்கப் போய்விடுவார்கள், மே மாதம் வந்தால் விடுதிக்காரர்கள் எல்லா ஆட்களையும் பிடித்துக்கொள்வார்கள். பூஞ்சையை உலர்ந்த துடைப்பத்தால் தட்டக் கூடாது, வீடெங்கும் பறந்து மூச்சுக்கு ஆகாது. ஈரத் துணியால் துடைத்து, இரண்டு நாள் கதவு ஜன்னலைத் திறந்து போட்டு, அப்புறம் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். பிளாஸ்டிக் பெயிண்டைவிடச் சுண்ணாம்புச் சுவரில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்காது. இதற்குச் சேலத்திலிருந்து ஆள் கூட்டிப் போவது வீண் செலவு. உள்ளூர் ஆட்களுக்கே நல்ல கூலி கொடுத்துச் செய்யலாம்.

கம்பெனி எப்போது சரி

புது வீடு கட்டி முடித்த பிறகு, அல்லது முழு வீட்டுக்கும் பெயிண்ட் அடித்த பிறகு, கம்பெனியே சரி. சிமென்ட் தூசியை எடுக்கப் பெரிய வேக்குவம் வேண்டும், அது தம்பிகளிடம் இல்லை. வீட்டுக்காரர் வெளியூரில் இருந்தாலும் கம்பெனிதான், பில் இருக்கும், புகார் சொல்ல ஒரு ஆபீஸ் இருக்கும். ஆனால் பொருள் சேதமானால் எவ்வளவு வரை பொறுப்பு என்பதை வேலைக்கு முன்பே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். நான் அன்று அதை வாங்கியிருந்தால் 4,320 ரூபாய் என் கையைவிட்டுப் போயிருக்காது.

வருடா வருடம் செய்யும் சுத்தத்துக்கு எங்கள் வீட்டில் இனி கலவைதான். இந்த ஆடிக்கு அக்காக்கள் இரண்டு நாள், 3,200. ஏணிக்கு ஆள் 1,000. சாமான் 450, சாப்பாடு 400. மூன்று குளியலறைக்கு மட்டும் மெஷின் தம்பிகள், 1,500. ஆக 6,550. தம்பிகள் ஞாயிறு காலை ஏழு மணிக்கே வந்துவிடுகிறேன் என்றார்கள். அக்காக்கள் செவ்வாய், புதன். மொசைக் தரையை மூத்தவரே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.