மின்காரில் ‘டொக் டொக்’ சத்தம்: ஆறு கிளிப் சேசிஸ் இயர் வாங்கலாமா?

பெட்ரோல் காரில் இன்ஜின் இரைச்சலுக்குள் அமுங்கிப்போகும் சின்னத் தட்டல்கூட மின்காரில் பளிச்சென்று கேட்கும். கேட்கிறதே தவிர, எங்கிருந்து வருகிறது என்பது பிடிபடாது. எனவே ஊகம் தொடங்குகிறது: சஸ்பென்ஷனில் முதலில் லிங்க் ராடை (ஸ்டெபிலைசர் லிங்க்) மாற்றுவார்கள், பிறகு சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்ம், அதற்கும் அடங்காவிட்டால் ஷாக் அப்சார்பரின் மேல்முனையைப் பிடிக்கும் ஸ்ட்ரட் மவுண்ட். பில் ஏறும், சத்தம் அப்படியே இருக்கும். நல்ல பாகங்களைக் கழற்றி வீசுகிற இந்த வழக்கத்தை நிறுத்தும் கருவிதான் சேசிஸ் இயர்.

ஸ்டீல்மேன் தயாரிப்பு இதில் நன்கு அறியப்பட்டது. அதே பாணியில் வேறு பலரும் விற்கிறார்கள். அமைப்பு எளிது. ஆறு முதலைவாய் கிளிப், ஒவ்வொன்றிலும் ஒரு மைக் இருக்கும். அது கவ்வியிருக்கும் இரும்பின் அதிர்வை எடுத்து, கைக்கடக்கமான பெட்டிக்கு அனுப்பும். பெட்டியிலுள்ள குமிழைத் திருப்பி, ஒவ்வொரு கிளிப்பாக ஹெட்போனில் கேட்கலாம். ஒயர் உள்ளது, இல்லாதது என இரண்டு வகை உண்டு. ஒயர் வகை மலிவு. ஆனால் ஒவ்வொரு ஒயரையும் டிரைவ் ஷாஃப்ட்டிலும் டயரிலும் படாமல் கேபிள் டை போட்டுக் கட்டியாக வேண்டும். பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ப மாற்றித் தரும் இன்வெர்ட்டர் பக்கமாக ஒயரைக் கொண்டுபோனால் மெல்லிய விசில் ஒலி கலந்து குழப்பலாம். அதனால் மின்காருக்கு ஒயரில்லாத வகையே மேல்.

எங்கே கவ்வ வைக்கிறோம் என்பதில்தான் பாதி வெற்றி. நெக்ஸான் இவி, எம்ஜி இசட்எஸ் இவி போன்றவற்றில் முன்புறம் மெக்பர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்), பின்புறம் இரு சக்கரங்களையும் இணைக்கும் பீம் அமைப்பு. முன்புறச் சத்தம் என்றால் முதல் சுற்றில் இரண்டு ஸ்டெபிலைசர் லிங்க், இரண்டு லோயர் ஆர்ம், இரண்டு நக்கிள் (சக்கர பேரிங்கைத் தாங்கும் பகுதி) என்று இடம் வலமாகச் சமமாகப் பொருத்துங்கள். ஒரே பக்கத்தில் ஆறையும் மாட்டுவது வீண். தட்டல், இந்தப் பாகங்கள் மாட்டியிருக்கும் சப்ஃபிரேம் என்ற இரும்புச் சட்டம் வழியே எல்லா இடத்துக்கும் பரவும். ஆகவே எங்கே கேட்கிறது என்பதல்ல, இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒப்பிட்டால் எங்கே கூர்மையாகக் கேட்கிறது என்பதே கேள்வி. பழுதான இடத்தில் சத்தம் ‘டக்’கென்று வெட்டினாற்போல் இருக்கும். பரவி வந்தது மழுங்கலாக ஒலிக்கும். இரண்டாம் சுற்றில் கிளிப்புகளைச் சந்தேகப் பகுதிக்கு நகர்த்துங்கள்: ஸ்ட்ரட் மவுண்ட், ஸ்டீயரிங் ரேக், மோட்டார் மவுண்ட்.

ஓட்டுபவர் ஒருவர், கேட்பவர் ஒருவர் என இருவர் கட்டாயம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓட்டவே கூடாது. ஸ்பீடு பிரேக்கரில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும்போது அமைதி, ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது தட்டல் என்றால் ஸ்டெபிலைசர் லிங்க்கையும், அது இணையும் ஸ்டெபிலைசர் பாரின் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் தண்டு) ரப்பர் புஷ்ஷையும் முதலில் பாருங்கள். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது ‘டங்’ என்று ஸ்பிரிங் துள்ளினால் ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங்.

மின்காருக்கே உரிய இரண்டு சத்தங்கள் உண்டு. ஆக்சிலரேட்டரை விட்டதும் ரீஜென் (மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்புவது) பிடித்து, மோட்டாரின் விசை திசை மாறும். அந்த நொடியில் வரும் ஒற்றைத் தட்டல் மோட்டார் மவுண்ட், டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட், ஆக்சில் நட் ஆகியவற்றைக் காட்டும். ரீஜெனைக் குறைந்த நிலையில் வைத்து ஓட்டும்போது அது தணிந்தால் சந்தேகம் வலுக்கும். மற்றொன்று, ரிவர்ஸ் எடுத்த பிறகு முதல் பிரேக்கில் வரும் ‘டொக்’. ரீஜென் வேலையைச் செய்துவிடுவதால் டிஸ்க் பிரேக்குக்கு உழைப்பு குறைவு. பேட் உட்காரும் இடத்தில் துரு சேர்கிறது, பின்கள் காய்ந்துபோகின்றன. பேட் கிளிப்பை மாற்றி, துருவைச் சுரண்டி, கைடு பின்னுக்குச் சிலிகான் கிரீஸ் வைத்தால் பெரும்பாலும் தீரும்.

கருவி காட்டியதை உறுதி செய்யாமல் பாகம் வாங்காதீர்கள். லிங்க் என்றால் முன்சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் பார் முறுக்கிக்கொண்டு போல்ட் வராது. இரண்டு லிங்க்கையும் கழற்றி, பாரைக் கட்டிவைத்து, காலியான இடத்தில் 20 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் ஓட்டுங்கள். வளைவில் வண்டி அதிகம் சாயும், கவனம். தட்டல் போய்விட்டால் லிங்க்கை ஜோடியாக மாற்றுங்கள். நட்டைத் திருப்பும்போது நடுத்தண்டை ஆலன் கீயால் பிடிக்காவிட்டால் பால் ஜாயிண்ட் கூடவே சுற்றி, புதிய லிங்க்கின் ரப்பர் உறை கிழியும். லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கவே கூடாது. வண்டியின் எடை தரையில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கம். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையில் இருந்து சீக்கிரம் கிழிந்து, அதே தட்டல் திரும்பி வரும். ஆக்சில் நட்டைக் கழற்றினால் புதிது போட்டு, அந்த மாடலுக்கான சர்வீஸ் மேனுவல் சொல்லும் டார்க் அளவில் (இறுக்கும் விசையின் அளவு) இறுக்குங்கள்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். உயர் வோல்ட் மின்சாரம் போகும் ஆரஞ்சு நிறக் கேபிளிலோ அதன் கனெக்டரிலோ கிளிப் மாட்டக்கூடாது. முதல் நெக்ஸான் இவியின் பேட்டரியே 320 வோல்ட். ஜாக்கியைக் குறிக்கப்பட்ட இடங்களில் மட்டும் வையுங்கள், பேட்டரி அடித்தட்டில் ஒருபோதும் வேண்டாம்.

கருவியின் குறை, பிளாஸ்டிக் தட்டலில் தெரிகிறது. அடித்தட்டுக் கவரின் கழன்ற கிளிப், டிக்கியில் உருளும் சார்ஜர், 12 வோல்ட் பேட்டரியின் தளர்ந்த பிராக்கெட் போன்றவற்றை இது சரியாகப் பிடிப்பதில்லை. அவற்றைக் கையால் தட்டிப் பார்த்து, டிக்கியைக் காலி செய்துவிட்டுப் பிறகு இதை எடுங்கள்.

ஒர்க்ஷாப் நடத்துபவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஓரிரு லோயர் ஆர்மைத் தவறாக மாற்றுவதைத் தவிர்த்தாலே காசு திரும்பிவிடும். சொந்தமாக ஒரே கார் வைத்திருப்பவருக்கு இது அதிகச் செலவு. இந்தக் கருவி உள்ள மெக்கானிக்கைத் தேடுவது புத்திசாலித்தனம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப் நின்ற வண்டிக்குத்தான் உதவும். வாங்கினால், பெட்டியைப் பிரித்த அன்றே ஆறு கிளிப்பையும் ஒரே இரும்புத் துண்டில் மாட்டி, ஸ்பேனரால் மெல்லத் தட்டி, எல்லாம் ஒரே அளவில் ஒலிக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று மந்தமாக இருந்தாலும் உடனே திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். ஒப்பிட்டுக் கேட்பதற்காகவே இருக்கும் கருவியில் அந்த வித்தியாசம் நல்ல பாகத்தைக் குற்றவாளியாக்கிவிடும்.