டெஸ்மோபிரசின்: ஸ்ப்ரே, மாத்திரை, மெல்ட் – எது தேறும்?

பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் வாசோபிரசின், சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்துவைக்கச் செய்யும் ஹார்மோன். அது ஒன்பது அமினோ அமிலங்களால் ஆனது. எட்டாவது இடத்தில் எல்-ஆர்ஜினின். அதை எடுத்துவிட்டு அதன் கண்ணாடி பிம்பமான டி-ஆர்ஜினினை வைத்து, முதல் இடத்தில் உள்ள அமினோ தொகுதியையும் நீக்கினால் கிடைக்கும் மருந்துதான் டெஸ்மோபிரசின். 1960-களில் பிராகில் உருவானது. அந்த ஒரு ஆர்ஜினின் மாற்றத்தில் ரத்தக்குழாயைச் சுருக்கிப் பிரஷர் ஏற்றும் குணம் பெரும்பாலும் போய்விட்டது. சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்துவைப்பது மட்டும் அப்படியே இருக்கிறது. நொதிகளும் இதைச் சட்டென்று உடைக்க முடியாததால் மணிக்கணக்கில் வேலை செய்யும். ஜிம்மில் விற்கும் ஆர்ஜினின் பவுடருக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இந்த மருந்தின் மினிரின் என்ற பிராண்ட் மூக்கு ஸ்ப்ரே ஒரு அழுத்தலுக்கு 10 மைக்ரோகிராம் தரும். புது பாட்டிலைச் சில முறை காற்றில் அடித்து, சீரான தூவல் வந்த பிறகே மூக்கில் வைக்க வேண்டும். சளி பிடித்தால் மருந்து உள்ளே ஏறாது. டயாபெட்டிஸ் இன்சிபிடஸ்காரர்களுக்கு (வாசோபிரசின் குறைவால் சிறுநீர் அளவின்றிப் போகும் நோய், சர்க்கரை நோய் அல்ல) அன்றைக்கே தாகமும் சிறுநீரும் கட்டுமீறும். லேபிளில் சொன்ன எண்ணிக்கை தாண்டியபின் அடியில் மிச்சம் தெரிந்தாலும் தூக்கிப் போடுங்கள், அளவு சரியாக வராது.

மாத்திரை 0.1, 0.2 மில்லிகிராம், அதாவது 100, 200 மைக்ரோகிராம். குடலில் ஒரு சதவீதம்கூட உறிஞ்சப்படாது, அதனால்தான் ஸ்ப்ரேயைவிட அளவு இவ்வளவு பெரியது. ஸ்ப்ரேயிலிருந்து மாறும்போது மைக்ரோகிராமையும் மில்லிகிராமையும் குழப்பிக்கொள்வது அடிக்கடி நடக்கும் தவறு. நாக்கடியில் கரையும் மெல்ட்டில் 60 மைக்ரோகிராம் என்பது 0.1 மில்லிகிராம் மாத்திரைக்குச் சமம். தண்ணீர் தேவையில்லை, ஆனால் ஈரக்கை பட்டால் கரையும், அட்டையை அழுத்தினால் நொறுங்கும். மேலே உள்ள தாளை உரித்துத்தான் எடுக்க வேண்டும்.

படுக்கையில் சிறுநீர் கழிக்கும் குழந்தைக்கு மெல்ட்தான் எங்கள் தேர்வு. ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம்: உடலில் தண்ணீர் தேங்கி, ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வந்ததால், அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2007-இல் இந்தப் பயன்பாட்டையே ஸ்ப்ரேயிலிருந்து நீக்கியது. மெல்ட்டிலும் அந்த ஆபத்து இல்லாமல் இல்லை. மருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து எட்டு மணி நேரம் பின்வரை தண்ணீர், பால், ஜூஸ் எல்லாம் தாகத்துக்கு ஓரிரு மடக்கோடு சரி. தலைவலி, வாந்தி, குழப்பம் தெரிந்தால் அடுத்த டோஸை நிறுத்தி, உடனே ஆஸ்பத்திரியில் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு நாளில் மருந்தே வேண்டாம். வயதானவர்களுக்கும், கார்பமசெபின் (வலிப்பு மருந்து) அல்லது இப்யூபுரூஃபன் (வலி மருந்து) எடுப்பவர்களுக்கும் அபாயம் இன்னும் கூடுதல்.

ரத்தம் உறையவைக்கும் எட்டாவது காரணி குறைந்த நோயான ஹீமோபிலியா ஏ லேசாக இருந்தால், இதே மருந்து ஊசியாகக் கிலோவுக்கு 0.3 மைக்ரோகிராம், ரத்தக்குழாய்ச் சுவரில் சேமித்துள்ளதை வெளியே தள்ளி அந்தக் காரணியை உயர்த்தும். அடுத்தடுத்துக் கொடுத்தால் கையிருப்பு தீர்ந்து பலன் குறையும். எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்காது என்பதால், பல் பிடுங்கும் நாளுக்கு முன்பே ஒரு சோதனை டோஸ் போட்டு, காரணி எவ்வளவு ஏறுகிறது என்று அளந்துவைப்பது நல்லது.