சுகர் மிஷின்ல 92 காட்டுனத நம்பி குதிரையோட காலக் கெடுத்துட்டனுங்க

ஈரோடு, திருப்பூர், கோயமுத்தூர் பக்கம் குதிரை வெச்சிருக்கறவங்க சித்தெ பொறுமையா படிங்க. நமக்குக் காங்கேயத்துக்குப் பக்கம் தோட்டமுங்க, ரெண்டு எருமை, ஒரு செவலைப் பொட்டக்குதிரை. நாலு வருசத்துக்கு முன்னால ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில புடிச்சுட்டு வந்தது. வீட்டுப் புள்ளையாட்டம் வளத்துனோம், தெனம் வேக வெச்ச கொள்ளு, கம்பு, தவுடு, அது போக பொழுதோட ஒரு அச்சு வெல்லம், ஆனா வேலைன்னு ஒண்ணும் கெடையாது, ரேக்ளாவுக்கும் கட்டறதில்ல, கட்டுத்தறியிலயேதான் நிக்கும். போன வருசம் பாத்தா பிடரிக்குக் கீழ கழுத்துல கொழுப்பு மேடு கட்டிக்கிச்சு, கையில புடிச்சு ஆட்டுனா ஆடாது, அவ்வளவு கெட்டி. வந்த ஒறம்பரையெல்லாம் குதிரை நல்லா வாட்டசாட்டமா இருக்குதுன்னு சொன்னாங்க, நாங்களும் அதையே நம்பிக்கிட்டோம்.

லாடம் அடிக்க வர்ற அண்ணன்தான் குளம்ப தொட்டுப் பாத்துட்டு, வளையம் வளையமா கோடு விழுந்திருக்குது தம்பி, டாக்டர்கிட்ட காட்டிருன்னார். டாக்டர் வந்து பாத்துட்டு இது இன்சுலின் பிரச்சனையா இருக்கும், கொள்ளு கம்பு வெல்லம் எல்லாத்தையும் நிறுத்துங்க, தெனம் நடத்துங்க, இன்சுலினுக்கு ரத்தம் எடுத்துப் பாக்கலாம்னு தெளிவாத்தான் சொன்னாருங்க. நான்தான் கேக்கல. தீனிய கொறச்ச மொத நாளே தொட்டிய கால்ல ஒதச்சு ஒதச்சு கனைச்சுது, மனசு தாங்கல எனக்கு.

அந்த நேரம் பாத்துத்தான் அந்த ஆள் வந்தான். பேரு வேண்டாம். குதிரைக்காரங்க தோட்டந் தோட்டமா போயி பவுடர் டப்பா விக்கறவன், ஒரு கிலோ டப்பா 2,400 ரூபாய், மாசத்துக்கு ரெண்டு டப்பா. பட்டை, வெந்தயம், சிறுகுறிஞ்சான், குரோமியம், மெக்னீசியம் எல்லாம் இருக்குதுன்னான். "தீனிய கொறைக்கவே வேண்டாங்கண்ணா, கொள்ளு அது பாட்டுக்குப் போடுங்க, வாயில்லா ஜீவன எதுக்குங்கண்ணா பட்டினி போடறீங்க, சர்க்கரைய இது பாத்துக்கும்"னான். நான் கேக்கோணும்னு நெனச்ச வார்த்தைய அவன் சொன்னான், வாங்கிட்டேன்.

பதினஞ்சு நாள் கழிச்சு வந்து, நம்ம வீட்ல பெரியவங்களுக்கு சுகர் பாப்பமே அதே மிஷின வெச்சு ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாத்தான். 92. "பாத்தீங்களாங்கண்ணா, நார்மல்"னு மிஷின என்ற மூஞ்சிக்கு நேரா நீட்டுனான். எனக்கு அவ்வளவு சந்தோசம், கூட ரெண்டு டப்பாவுக்குப் பணம் குடுத்தேன். மொத நாள், பவுடர் போடறதுக்கு முன்னால, அவன் ரத்தமே பாக்கலைங்கறது அன்னைக்கு எனக்கு ஒறைக்கவே இல்லீங்க.

மூணு மாசம் போச்சு, 14,400 ரூபாய். மார்கழியில ஒரு நாள் விடியக்காலம் கட்டுத்தறிக்குப் போனா குதிரை முன்னங்கால் ரெண்டையும் முன்னால நீட்டி வெச்சுக்கிட்டு ஒடம்பெல்லாம் பின்னால சாஞ்சாப்டி நிக்குது. கயித்தப் புடிச்சுத் திருப்புனா திரும்ப மாட்டீங்குது, மாறி மாறி காலத் தூக்கித் தூக்கி வெக்குது. அந்தக் குளுர்லயும் குளம்பு சுடுது, குளம்புக்கு மேல கணுக்கால் பின்பக்கம் வெரல் வெச்சா நாடி தம்மு தம்முன்னு அடிக்குது. கண்ணப் பாக்க முடியலீங்க.

டாக்டர் வந்து இது லேமினைட்டிஸ், குளம்புக்குள்ள சதை வீங்கி நோகற நோவுன்னார். ஐஸ் தண்ணியில கால வெக்கச் சொன்னார், வலிக்கு ஊசி போட்டார், மணல் கொட்டி மெத்தையாட்டம் பண்ணச் சொன்னார். அப்பறம் எக்ஸ்ரே எடுத்ததுல வலது குளம்புக்குள்ள எலும்பு எறங்கித் திரும்பியிருக்குது. குளம்புச் சொவத்தோட அந்த எலும்பப் புடிச்சு நிறுத்தற சதையே விட்டுப் போச்சாம்.

சுகர் நார்மலாத்தானே இருந்துச்சுங்க சார்னு கேட்டேன். அவரு சொன்னதத்தான் எல்லாரும் தெரிஞ்சுக்கோணும். இந்த நோவுல குதிரைக்கு ரத்தச் சர்க்கரை பெரும்பாலும் நார்மலாவேதான் இருக்குமாம். அந்தச் சர்க்கரைய அடக்கி வெக்கறதுக்கு ஒடம்பு இன்சுலின அள்ளி அள்ளி ஊத்துது, அந்த இன்சுலின்தான் குளம்பக் கெடுக்குது. 2007ல ஆஸ்திரேலியாவுல நல்லா இருந்த போனிக் குதிரைகளுக்கு சர்க்கரைய நார்மலாவே வெச்சுக்கிட்டு இன்சுலின மட்டும் ஏத்திப் பாத்திருக்காங்க, மூணு நாளுக்குள்ள லேமினைட்டிஸ் வந்திருச்சு. அப்ப அந்த மிஷின்ல 92 வந்ததுக்கு என்ன அர்த்தம்? ஒண்ணுமே இல்ல. பவுடர் போட்டாலும் 92, போடாட்டியும் 92. குதிரைக்கு இன்சுலின் அளவப் பாக்கோணும், வேணும்னா சர்க்கரைப் பாகு குடுத்துட்டு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் கழிச்சுப் பாக்கோணும், அதுதான் டெஸ்ட். குரோமியமும் மெக்னீசியமும் சேத்து லேமினைட்டிஸ் வந்த குண்டு குதிரைகளுக்கு 16 வாரம் குடுத்துப் பாத்த ஆராய்ச்சியும் 2011ல வந்திருக்குது, இன்சுலின் விசயத்துல ஒரு மாத்தமும் இல்லையாம்.

இன்னொண்ணும் சொல்லோணும். மிச்சமிருந்த டப்பாவ எங்கய்யன் தொறந்து ஒரு சிட்டிகை எடுத்து வெரல்ல தேச்சாரு, பிசுபிசுன்னு ஒட்டுச்சு. நாக்குல வெச்சுப் பாத்துட்டு, "டேய், இது ஆலை வெல்லப்பாகுடா"ன்னார். குதிரை வெடுக்குனு நக்கித் தின்னதுக்குக் காரணம் அதுதானுங்க. டப்பாவத் திருப்பிப் பாத்தா எதுல எவ்வளவுன்னு ஒரு எழுத்து இல்ல, பேட்ச் நம்பர் இல்ல, கீழ பொடி எழுத்துல மருத்துவ உபயோகத்துக்கு அல்லன்னு போட்டிருக்குது. நான் போன் பண்ணுனேன், மொத தடவ "தீனி எச்சா போட்டிருப்பீங்கண்ணா"ன்னான். கொள்ளு பாட்டுக்குப் போடுங்கன்னு சொன்ன அதே வாய்! அதுக்கப்பறம் எடுக்கறதே இல்ல.

இப்ப கொள்ளு, வெல்லம், பச்சைத் தீவனம் எல்லாம் நின்னு போச்சு. ஒணத்துன புல்லத் தராசுல போட்டு, ஒடம்பு எடையில நூத்துக்கு ஒன்றரைங்கற கணக்குல, 350 கிலோக் குதிரைக்கு அஞ்சு கிலோ சொச்சம், நாலு வேளையாப் பிரிச்சுப் போடறோம். போடறதுக்கு முன்னால ஒரு மணி நேரம் தண்ணியில ஊற வெச்சு அந்தத் தண்ணியக் கொட்டீர்றோம், சர்க்கரை ஓரளவு அதுல எறங்கீரும். வெறும் புல்லுல சத்து பத்தாதுன்னு டாக்டர் மினரல் பவுடர் எழுதிக் குடுத்திருக்கார், அது சத்துக்குத்தான், இன்சுலினுக்கு இல்லைன்னு அவரே சொல்லித்தான் குடுத்தார். ஒரேடியாப் பட்டினியும் போடாதீங்க, ரத்தத்துல கொழுப்பேறி உசுருக்கே ஆபத்தாயிரும். கால் வலி இருக்கறப்ப நடத்தவும் கூடாது.

ஆடி வந்தா அந்தியூருக்கு அந்த ஆளு கண்டிப்பா வருவான், கையில அதே மிஷினோட. உங்க குதிரைக்கு கழுத்து மேடு கட்டியிருந்தா இன்னைக்கு ராத்திரியே கணுக்கால்ல வெரல் வெச்சு நாடியப் பாருங்க, தம்மு தம்முன்னு பலமா அடிச்சுதுன்னா விடியற வரைக்கும் காத்திருக்காதீங்க, டாக்டருக்கு அப்பவே போன் போட்டுருங்க. எங்க செவலை இப்ப மணல்ல பத்து எட்டு வெக்குதுங்க. வலது கால இன்னும் பதனமாத்தான் ஊனுது.