வந்த ஃபேக்ஸ்: பகிர்ந்த கோப்புறையா, மின்னஞ்சலா?

திருகோணமலையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸ் சர்வரின் ஃபேக்ஸ் சேவை, வரும் பக்கங்களை டிஃப் (TIFF) என்ற படக் கோப்பாக வைக்கும். அதை ஒரு கோப்புறையில் போடவும் சொல்லலாம், மின்னஞ்சலில் அனுப்பவும் சொல்லலாம்.

கோப்புறை என்றால் எல்லோருக்கும் ஒரே பிரதி. வாசிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் ‘பார்த்தாச்சு’ என்று அழித்தது மற்றவருக்குக் கிடைக்காது. பகிர்வு உரிமை (கோப்புறையை வலையமைப்பில் பகிரும்போது கொடுப்பது), என்டிஎஃப்எஸ் உரிமை (வட்டில் அந்தக் கோப்புறைக்கே கொடுப்பது) இரண்டில் கடுமையானதே வலையமைப்பு வழியாக வருபவருக்குச் செல்லுபடியாகும். ஒன்றை மட்டும் தளர்த்திவிட்டுத் தலையைச் சொறிபவர்கள் அதிகம்! ஆனால் புது ஃபேக்ஸ் வந்ததைக் கோப்புறை தானாகச் சொல்லாது.

மின்னஞ்சல் சொல்லும். சீனன்குடாவில் வேலையாக நிற்பவரும் கைப்பேசியில் பார்க்கலாம், இணையம் இருந்தால்.

என் தெரிவு கோப்புறைதான். அவசரம் பார்க்கும் ஒருவருக்கு மட்டும் மின்னஞ்சலையும் சேர்த்து இயக்கலாம், சேவை இரண்டையும் ஒன்றாகவே செய்யும்.