எக்ஸ்520 கார்டும் இன்டரப்ட் சுமையும்: நீண்டகாலப் பாவனைக்குப் பிறகு

திருகோணமலை உவர்மலையில், அலுவலகக் கோப்புச் சேர்வர் ஒன்றில் இன்டெல் எக்ஸ்520 10 கிகாபிட் நெட்வொர்க் கார்ட் சில வருடங்களாக லினக்ஸில் ஓடுகிறது. உறுதியான கார்ட். ஆனால் பொருத்திவிட்டு அப்படியே விடக்கூடாது.

1500 பைட் தரவுப் பொதிகள் முழு வேகத்தில் வந்தால் செக்கனுக்கு ஏறக்குறைய 8 இலட்சம். பொதிக்கு ஒரு இன்டரப்ட் (ப்ரொசெசரைக் குறுக்கிட்டு அழைக்கும் சைகை) என்றால் ப்ரொசெசர் வேறு வேலை பார்க்காது. லினக்ஸின் மையமான கேர்னலில் உள்ள நாபி முறை, முதல் இன்டரப்ட் வந்ததும் அடுத்ததை அடைத்துவிட்டுப் பொதிகளைத் தானே அள்ளுகிறது. அதற்கும் மேல் குறைக்க கார்டின் அமைப்புகளை மாற்றும் ஈத்டூல் கட்டளையில் ஆர்எக்ஸ்-யூசெக்ஸ் இருக்கிறது, இரண்டு இன்டரப்டுக்கு இடையே விடும் மைக்ரோசெக்கன் இடைவெளி.

அதற்கு ட்ரைவர் தரும் பெறுமதி 1. இடைவெளியைத் தானாகக் கூட்டிக் குறைப்பது என்று அர்த்தம். பெரிய பிரதிகளும் சிறிய தரவுத்தள வினவல்களும் கலந்த இடத்தில் அது தடுமாறும். 50 வைத்தால் ஒரு க்யூவுக்கு (கார்ட் பொதிகளைப் பிரித்துப் போடும் வரிசை)ச் செக்கனுக்கு 20,000 இன்டரப்டுக்கு மேல் வராது. எங்களுக்கு அதுவே பொருந்தியது. 100ஐத் தாண்டினால் சிறிய வினவல் ஒவ்வொன்றும் காத்திருக்கத் தொடங்கும்.

ரிங் அளவையும் (ஒவ்வொரு க்யூவிலும் பொதிகள் காத்திருக்கும் இடங்களின் எண்ணிக்கை) சேர்த்தே பார்க்க வேண்டும். 50 மைக்ரோசெக்கனில் பெரிய பொதி 40 அளவில்தான் வரும். 64 பைட் பொதியென்றால் 744 வரை வரலாம். இயல்பான ரிங் 512 மட்டுமே. எல்லாம் ஒரே க்யூவில் விழுந்தால் நிரம்பி வழியும். 2048 ஆக்குங்கள், மாற்றும்போது இணைப்பு ஒரு கணம் விழும், வேலை நேரத்தில் வேண்டாம்.

எண்ணிக்கையை விடப் பங்கீடு முக்கியம். ப்ராக் கோப்பகத்தின் இன்டரப்ட்ஸ் கோப்பில் ஒரே கோரின் நிரலில் (column) மட்டும் எண் ஏறினால் க்யூக்களைக் கோர்களுக்குப் பிரித்துக் கட்டுங்கள். முதலில் இன்டரப்டுகளைத் தானாகப் பங்கிடும் ஐஆர்க்யூபேலன்ஸ் சேவையை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கட்டியதை அது கலைத்துவிடும். யூடிபி போக்குவரத்தை இந்தக் கார்ட் ஐபி முகவரியை மட்டும் வைத்தே பிரிக்கிறது. போர்ட் எண்ணையும் சேர்க்கச் சொல்ல வேண்டும். பொதிகளை எடுத்த கணக்கைக் கோர்வாரியாகக் காட்டும் சாஃப்ட்நெட்-ஸ்டாட் கோப்பின் இரண்டாம் நிரல் கைவிட்ட பொதிகள், மூன்றாவது நேரம் போதாமல் பாதியில் நின்ற தடவைகள். எண்கள் பதினறுமத்தில் இருக்கும்.

கச்சான் என்ற வெப்பமான தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இந்தப் பங்கீட்டின் பயன் நன்றாகத் தெரியும். இந்தக் கார்டில் விசிறி கிடையாது, ஹீட்சிங்க் மட்டும்தான். ஒரு கோரே கொதித்து வேகம் குறையும் நிலை பங்கீட்டுக்குப் பின் வரவில்லை. ஆனாலும் கார்டுக்கு நேரே பெட்டி விசிறி ஒன்று வேண்டும். கடற்காற்று படியும் பிசுக்குத் தூசியை அடிக்கடி ஊதித் துடையுங்கள்.

ஈத்டூல் மாற்றங்கள் மறுதொடக்கத்தில் போய்விடும். தொடங்கும்போது தானே ஓடும் சிஸ்டெம்டி சேவையாக எழுதி, மின்வெட்டுக்குப் பிறகு ஒருமுறை சரிபாருங்கள்.