பாவித்த வீ8 ஜீப்பும் யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரும்: பழுதுகள், செலவுகள்

பாவித்த வீ8 ஜீப் ஒன்றை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் விலையைப் பற்றிக் கதைப்பதில்லை. இதுவரை றேடியேற்றருக்குள் என்ன தண்ணீர் ஊற்றினார்கள் என்று விசாரியுங்கள் என்றுதான் சொல்வேன். என்னிடம் இருப்பது 2000களின் நடுப்பகுதியில் வந்த ஐரோப்பிய வாகனம். எட்டு சிலிண்டர், காற்றுச் சஸ்பென்சன் (ஸ்பிறிங்குக்குப் பதில் காற்றடைத்த றப்பர் பைகள்), இரண்டு தொன்னுக்கு மேல் எடை. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. நான் சொல்லும் பழுதுகள் வயதாலும் எடையாலும் வெக்கையாலும் வருபவை. தொகைகள் எல்லாம் இலங்கை ரூபாயில், 2023க்குப் பிறகு நான் கையால் கொடுத்தவை. டொலர் ஏறி இறங்க அவையும் மாறும்.

கூலிங்கில் இருந்து தொடங்குகிறேன். காசு அதிகம் போனதும் அங்கேதான். இந்த எஞ்சினில் இரண்டு வரிசை சிலிண்டர்களுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில், காற்று உள்ளே போகும் இன்ரேக் மனிபோல்டுக்குக் கீழே, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ற் போகும் பிளாஸ்ரிக் குழாய்கள் இருக்கின்றன. பல வருடச் சூட்டில் பிளாஸ்ரிக் இறுகி, விரலால் அழுத்தினாலே நொறுங்கும் நிலைக்கு வந்துவிடும். வெடித்தால் கூலன்ற் எஞ்சினுக்குப் பின்பக்கமாக வழிந்து ஸ்ராட்டர் மோட்டரையும் நனைக்கும். வெளியில் ஒழுக்குத் தெரியாது. இனிப்பான ஒரு மணம்தான் முதலில் வரும்.

எங்கள் கராஜ்கார அண்ணை மனிபோல்டைக் கழற்றி அந்தக் குழாயை வெளியே எடுத்தபோது, உட்பக்கம் முழுக்க வெள்ளையாகப் படிந்திருந்தது. தேத்தண்ணிக் கேத்தலின் அடியில் படியுமே, அதே சுண்ணாம்பு. ஸ்குரூ டிரைவரால் சுரண்டினார். செதில் செதிலாகக் கழன்று விழுந்தது. "தம்பி, முன்னம் வைச்சிருந்த ஆக்கள் கிணத்துத் தண்ணிதான் ஊத்தியிருக்கினம். உதை மாத்தாமல் குழாயை மட்டும் மாத்திப் பிரியோசனம் இல்லை" என்றார்.

அவர் சொன்னது சரி. குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது, கிணற்றுத் தண்ணீர் வன்தண்ணீர். சூடேறும்போது அதிலுள்ள கல்சியம் உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். கரையோரக் கிணறு என்றால் உப்பும் சேர்ந்து அலுமினியத்தை அரிக்கும். பழைய டீசல் வான் இதை ஓரளவு தாங்கும். இந்த எஞ்சினின் ஒடுங்கிய நீர்வழிகள் தாங்காது. ஆகவே குழாய்களை அலுமினியத்துக்கு மாற்றினோம், தெர்மோஸ்ரற்றையும் வோட்டர் பம்பையும் அதோடேயே மாற்றினோம், முழுச் சுற்றையும் கழுவினோம். பாகங்கள் 2,10,000, கூலி 45,000. இப்போது காய்ச்சி வடித்த தண்ணீரும் எஞ்சினுக்குச் சொன்ன கூலன்றும் சரிபாதி. பச்சைக் கூலன்றையும் சிவப்புக் கூலன்றையும் கலக்கவே வேண்டாம். வண்டிக்குள் எப்போதும் ஒரு கான் வடிநீர் கிடக்கும். தெருவில் குறைந்துவிட்டால் கடைக்காரர் ஆசையாக ஒரு வாளி கிணற்றுத் தண்ணீர் கொண்டுவருவார், மறுக்கத்தான் வேண்டும்.

அடுத்தது காற்றுச் சஸ்பென்சன். இரவு நிறுத்தும்போது மட்டமாக நின்ற வாகனம் காலையில் ஒரு பக்கம் சரிந்து நின்றால், அந்தப் பக்க றப்பர் பையில் வெடிப்பு. சில்லைக் கழற்றிச் சவர்க்காரத் தண்ணீர் தெளித்தால் குமிழி வரும் இடம் தெரியும், பழுது காட்டும் ஸ்கானரே தேவையில்லை. இதைத் தள்ளிப் போடக்கூடாது. பை ஒழுக ஒழுகக் காற்றடிக்கும் கொம்பிரசர் ஓயாமல் ஓடி எரிந்துவிடும். பிறகு இரண்டு செலவு. முன்பக்கப் பை, கம்பெனிப் பெயர் இல்லாத நல்ல ரகம், ஒன்று 1,15,000. கொம்பிரசருக்கு இன்னும் கிட்டத்தட்ட அதேயளவு வேண்டும். பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் அடிக்கடி போய்வருபவர்கள் கீழ்ப்பக்கத்தை நன்றாகக் கழுவுங்கள். உப்புக் காற்று முதலில் பிடிப்பது சென்சர் வயர்களின் இணைப்புகளைத்தான்.

பிளக்குக்கு மின்பொறி கொடுக்கும் கொயிலின் பழுது சின்னது, ஆனால் அலட்சியம் செய்தால் பெரிதாகும். எஞ்சின் லைட் விட்டுவிட்டு எரிந்து வாகனம் உதறினால் ஓடாதீர்கள். எரியாத பெற்றோல், புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டரைக் கெடுத்துவிடும். ஸ்கானரில் பீ0303 என்று வந்தால் மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை. அந்தக் கொயிலைக் கழற்றி வேறு சிலிண்டரில் போட்டுப் பாருங்கள். பிழை இலக்கமும் கூடவே மாறினால் கொயில்தான் குற்றவாளி, செலவில்லாத சோதனை. கொயில் ஒன்று 19,000.

மற்றவை வழமையான தேய்மானம். புறப்பெல்லர் சாப்ற்றின் நடுப் பெயரிங் 38,000, கியர் பொக்ஸ் ஒயிலும் பில்டரும் 85,000, முன் பிறேக் டிஸ்க்கும் பிறேக் பாட்களும் 1,60,000. டயர் ஒன்று 80,000க்குக் குறைந்து கிடைக்காது. எஞ்சின் ஒயில் மாற்ற எட்டு ஒன்பது லீற்றர் வேண்டும்.

பெற்றோலைப் பற்றியும் சொல்லவேண்டும். இந்த எஞ்சினுக்கு 95 ஒக்ரேன்தான். 92 அடித்தால் தட்டல் வராமல் கணினி இக்னிஷனைப் பின்தள்ளும், இழுவை குறையும். ரவுணுக்குள் லீற்றருக்கு ஐந்தாறு கிலோமீற்றர், ஏ9 இல் ஏழு. 2022 யூனில் 95 ஒக்ரேன் 550 ரூபாய்க்கு ஏறியது. பிறகு கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது கார்களுக்கு முதலில் வாரத்துக்கு 20 லீற்றர். இந்த ஜீப்பில் அந்த 20 லீற்றர் வவுனியாவுக்கு ஒருவழி போகத்தான் காணும். வீட்டில் இன்னொரு சின்ன வாகனமோ மோட்டார் சைக்கிளோ இல்லாதவர்கள் இதை வாங்குவதை நான் விரும்பமாட்டேன்.

பாகங்களுக்கு மூன்று வழி. கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் கழற்றிய பாகம் வாங்கி இரவு பஸ்ஸில் போட்டு எடுப்பது ஒன்று. வெளித்தகட்டுப் பாகங்களுக்கும் கண்ணாடிகளுக்கும் அது போதும், றப்பரும் பிளாஸ்ரிக்கும் மட்டும் அங்கே வேண்டாம். கொழும்பில் புதுப் பாகத்துக்கு ஓடர் கொடுப்பது அடுத்தது. மூன்றாவது, நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் ஜேர்மனி, லண்டன் சொந்தங்களின் பெட்டி. சென்சர், கொயில் போன்ற பாரமில்லாதவற்றுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. பாக இலக்கத்தைக் கட்டாயம் எழுதிக் கொடுங்கள். இன்னொன்று: போர்ஷ் கயெனும் வொக்ஸ்வாகன் டுவாரெக்கும் 2002 இல் ஒரே அடித்தளத்தில் வந்தவை. கீழ்ப்பக்கப் பாகங்கள் பல இரண்டுக்கும் பொருந்தும். அந்த இரண்டில் ஒன்றை வைத்திருப்பவர்கள் இரு பெயரிலும் விலை கேட்டுப் பார்க்கலாம்.

கராஜ் கூலி இங்கே கொழும்பைவிட நன்றாகக் குறைவு. அதனால்தான் என்னால் இதை வைத்திருக்க முடிகிறது. வருடத்துக்கு நான்கு ஐந்து லட்சம் பராமரிப்புக்கென்று ஒதுக்குகிறேன், பெற்றோல் வேறு. கிளிநொச்சி தாண்டி நேர் றோட்டில் ஆக்சிலரேற்றரை மிதிக்கும்போது வரும் அந்த இழுவைக்கு இது எனக்குச் சரியாகப் படுகிறது. விற்க எண்ணமில்லை.

வாங்கப் போகிறவர்கள் முதல்நாள் இரவே விற்பவரிடம் சொல்லுங்கள், காலையில் நீங்கள் வரும்வரை ஸ்ராட் பண்ண வேண்டாம் என்று. போனதும் நான்கு மூலையின் உயரத்தையும் கையால் அளந்து பாருங்கள். எஞ்சின் குளிராக இருக்கும்போதே கூலன்ற் மூடியைத் திறந்து உள்ளே விரல் விட்டுப் பாருங்கள். விரலில் வெள்ளைத் துகள் ஒட்டினால் விலையில் மூன்று லட்சம் குறைத்துக் கேளுங்கள், தராவிட்டால் விட்டுவிடுங்கள்.