கேட்டலிஸ்ட் 2960 சுவிட்சில் தொலை உள்நுழைவுக் கட்டுப்பாடு: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கணினிகளை ஒரே வலையமைப்பில் இணைக்கும் சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960 சுவிட்சுகளைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருபவன் என்ற முறையில், யார் எங்கிருந்து அவற்றுக்குள் நுழையலாம் என்பதை எவ்வளவு நம்பகமாக வரையறுக்க முடிகிறது என்பதைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

தொலைவிலிருந்து வரும் இணைப்புகளுக்கு 0 முதல் 15 வரை 16 விடிஒய் லைன்கள் (ஒவ்வொன்றும் ஓர் அமர்வை ஏற்கும் மெய்நிகர் நுழைவழிகள்) உள்ளன. நிர்வாகக் கணினிகளின் ஐபி முகவரிகளை மட்டும் அனுமதிக்கும் ஓர் அக்சஸ் லிஸ்டை (அனுமதி, மறுப்பு விதிகளின் பட்டியல்) எழுதி, அதை ‘அக்சஸ்-கிளாஸ்’ கட்டளையால் இந்த லைன்களில் பொருத்திவிட்டால், சுவிட்சின் எந்த முகவரியை நோக்கி இணைப்பு வந்தாலும் சோதனை ஒரே இடத்தில் நடந்துவிடுகிறது. பட்டியலின் முடிவில் ‘லாக்’ (பதிவு செய்) என்ற சொல்லைச் சேர்த்த மறுப்பு வரி ஒன்றை நானே எழுதிவிடுவேன். தட்டிப் பார்த்தவர் யார் என்பது பதிவில் தெரிந்துவிடும்.

கவனம் பிசகும் இடம் ஒன்று உண்டு. கான்ஃபிகரேஷனில் (சுவிட்சின் அமைப்புக் கட்டளைகளின் தொகுப்பில்) 0–4, 5–15 என இரு தொகுதிகளாக லைன்கள் தோன்றுவதால், முதல் தொகுதிக்கு மட்டும் கட்டுப்பாடு வைத்துவிட்டு நகர்ந்துவிடுவோர் பலர். முதல் ஐந்தும் நிரம்பியிருக்கும்போது ஆறாவதாக வருபவர் கட்டுப்பாடற்ற லைனில் போய் அமர்வார்.

குறியாக்கம் இல்லாத பழைய தொலை உள்நுழைவு முறையான டெல்நெட்டை முற்றிலும் நிறுத்தி, குறியாக்கம் செய்யும் எஸ்எஸ்எச் பதிப்பு 2-ஐ மட்டும் வைத்திருக்கிறேன். இதற்கு ஹோஸ்ட்நேம் (சுவிட்சின் பெயர்), டொமைன் பெயர், 2048 பிட் ஆர்எஸ்ஏ குறியாக்கச் சாவி ஆகியவை தேவை. கடவுச்சொல் வெளிப்படையாகச் செல்வது மட்டுமே டெல்நெட்டின் குறை என்று எண்ணியிருந்தவர்களுக்கு 2017 மார்ச்சில் வெளியான சிவிஇ-2017-3881 என்ற பாதுகாப்புக் குறைபாடு வேறொன்றையும் காட்டியது: டெல்நெட் திறந்திருந்தாலே, கடவுச்சொல் இல்லாமல் சுவிட்சைக் கைப்பற்ற முடிந்தது, பாதிக்கப்பட்டவை முந்நூறுக்கும் மேற்பட்ட மாடல்கள்.

செயலற்ற அமர்வு இயல்பாகப் 10 நிமிடத்தில் மூடப்படும்; நான் 5 ஆக்கியுள்ளேன். அதைப் பூச்சியமாக்கினால் (நேர வரம்பே இல்லை என்று பொருள்) கைவிடப்பட்ட அமர்வுகள் லைன்களை அடைத்துக்கொள்ளும்.

எனக்குள்ள மனக்குறை, ‘அக்சஸ்-கிளாஸ்’ என்ற இந்தப் பூட்டு எல்லா வாசல்களுக்கும் பொருந்தாது என்பதே. உலாவி வழியே திறக்கும் வலை இடைமுகத்துக்குத் தனிப் பட்டியல் வேண்டும் (நான் அதை அணைத்தே வைத்திருக்கிறேன்). புதிய வகை ஐபி முகவரி முறையான ஐபிவி6 இயங்கினால் அதற்கும் தனியாக எழுத வேண்டும்.

தொலைவிலிருந்தே பட்டியலை மாற்றுவதாக இருந்தால், ‘ரீலோட் இன் 10’ (பத்து நிமிடத்தில் மறுதொடக்கம்) கொடுத்துவிட்டு, சேமிக்காமல் மாற்றுங்கள். புதிய அமர்வு ஒன்று திறந்தால் ரீலோடை ரத்துசெய்து சேமிக்கலாம். திறக்காவிட்டால் பத்து நிமிடத்தில் சுவிட்ச் பழைய கான்ஃபிகரேஷனுடன் எழுந்துவிடும், சுவிட்சில் நேரடியாகச் செருகும் கன்சோல் கேபிளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்காது.